‘இன்றைக்கு என்ன தேதி, பாட்டி?’

வாசகர் கேள்விகள். இம்மாதம் பதில் அளிப்பவர், முதுமை மறதிநோய் ஆய்வில் 29 ஆண்டுகள் களப்பணியாற்றி ஓய்வுபெற்ற உளவியலாளர், வேலூர்.

இந்த ஆய்வுக்கு எப்படி வந்தீர்கள்? உளவியல் படிக்கும் எங்களிடம் குழந்தைகளைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். முதியோர் பக்கம் யாரும் திரும்புவதே இல்லை. — கல்லூரி மாணவி, திருவண்ணாமலை

எங்கள் ஆயாவால் வந்தேன். ஆற்காட்டுப் பக்கம் அப்பாவைப் பெற்றவளை ஆயா என்றுதான் சொல்வோம். களத்தில் நெல் அளந்தால் மரக்கால் கணக்கில் ஒரு பிடிகூடப் பிசகாத மனுஷி. எழுபதைத் தாண்டியதும் அரிசியைச் சுருக்குப் பையில் முடிந்து வைக்கோல் போருக்குள் ஒளித்துவைக்கத் தொடங்கினாள். செத்துப்போன தன் தங்கையின் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிடுவாள். பொழுது சாய்ந்தால் தன் வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டு ‘என்னை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போ’ என்று அழுவாள். வீட்டில் மந்திரித்தார்கள், தாயத்துக் கட்டினார்கள். ‘வயதாகிவிட்டால் அப்படித்தான்’ என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். அது 1978. மருத்துவரிடம் கூட்டிப்போயிருந்தாலும் அவரும் அதையே சொல்லியிருப்பார்.

1991இல் சென்னையில் எம்.ஏ. முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தபோது, கிராமத்து முதியோர் கணக்கெடுப்புக்கு ஆள் எடுத்தார்கள். நேர்காணலில் என்னிடம் கேட்ட முக்கியமான கேள்வி, ‘பஸ் போகாத ஊருக்கு நடந்து போவீர்களா?’ என்பதுதான். போனேன். வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று அப்போது பெயர். காவேரிப்பாக்கம் ஏரியைச் சுற்றிய ஊர்களில் எனக்குத் தெரியாத திண்ணை இல்லை. பையில் ஒரு டார்ச் லைட், ஒரு சாவி, ஒரு சீப்பு, இரண்டு பென்சில், ஒரு கைக்கடிகாரம். ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி ‘இது என்ன?’ என்று கேட்க வேண்டும். வளையல் விற்க வந்திருக்கிறேன் என்று நினைத்துக் குழந்தைகள் பின்னாலேயே வரும்.

மறதிநோய்களில் அதிகம் காணப்படும் அல்சைமர் ஒரு மேல்நாட்டு நோய், நம் ஊரில் அபூர்வம் என்று நம்பியவர்கள் அன்று நிறையப் பேர். நம்மிடம் எண்ணிக்கை இல்லை என்பதுதான் உண்மை. கேரளத்தில் 1992இல் மறதிநோயாளிகளுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். திருப்போரூர் வட்டாரத்துக் கிராமங்களில் சென்னை மனநல மருத்துவர்கள் எடுத்த கணக்கு 1997இல் வெளிவந்தது: 60 வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு 3.5 பேர். அந்தக் கட்டுரையின் நகல் கையில் கிடைத்த அன்று எனக்கு ஆயாவின் நினைவு வந்து அழுதுவிட்டேன்.

முதியோர் பக்கம் வா, மகளே. ஆள் பற்றாத துறை இது.

என் அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. மருத்துவமனையில் ஏதோ சோதனை வைத்து 30க்கு 14 என்று எழுதிக் கொடுத்தார்கள். அம்மா தனியாகச் சந்தைக்குப் போய்வருகிறார், வட்டிக் கணக்குப் பார்க்கிறார். அவருக்கு மறதிநோயா? — வாசகர், திண்டுக்கல்

நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் வைத்துப் பார்த்தால், அந்த 14 உங்கள் அம்மாவின் நோயை அளக்கவில்லை, அவர் பார்க்காத பள்ளிக்கூடத்தை அளந்திருக்கிறது.

அந்த முப்பது மதிப்பெண் சோதனை 1975இல் அமெரிக்காவில் உருவானது. மருத்துவமனைப் படுக்கைக்கு அருகில் சில நிமிடங்களில் முடித்துவிடலாம் என்பதால் உலகமெங்கும் பரவிவிட்டது. நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்லும். ஒரு வாக்கியம் எழுதச் சொல்லும். ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரையச் சொல்லும். பென்சிலையே பிடித்திராத கை எதை வரையும்? அரியானாவில் பல்லப்கரைச் சுற்றிய கிராமங்களுக்கு இதைக் கொண்டுபோன மேரி கங்குலி, விஜய் சந்திரா குழுவினர் 1990களில் இதை அடியோடு மாற்றி அமைத்தார்கள். வாக்கியம் எழுதுவதற்குப் பதிலாக, ‘உங்கள் வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள்’. அட்டையில் உள்ளதைப் படித்துக் கண்ணை மூடுவதற்குப் பதிலாக, ‘என் முகத்தைப் பாருங்கள், நான் செய்வதைச் செய்யுங்கள்’. படிக்காத மனிதரை மதித்துக் கேட்கும் கேள்விகள் இவை. படித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

என்னிடமும் ஒரு கதை இருக்கிறது. ஓர் ஆடி மாதத்தில் ஒரு பாட்டியிடம் ‘இன்றைக்கு என்ன தேதி?’ என்று கேட்டேன். ‘நாளைக்கு அமாவாசை. ஆடி பிறந்து ஒன்பது நாள் ஆகிறது. உனக்குத் தெரியாதா?’ என்றார். என் படிவத்தில் ஆங்கில மாதத்துக்குத்தான் கட்டம் இருந்தது. விதிப்படி பூஜ்யம் போட்டேன். ‘இது என்ன ஆண்டு?’ என்றேன். ‘பெரிய புயல் அடித்ததற்கு அப்புறம் எனக்கு எதற்கு ஆண்டு’ என்று சொல்லிவிட்டார். அதற்கும் பூஜ்யம். பிரதமர் பெயர் தெரியவில்லை, பூஜ்யம். அன்று இரவு படுக்கையில் கிடந்து யோசித்தேன். அமாவாசையைச் சரியாகச் சொன்ன ஒரு மூளைக்குக் காலம் தெரியவில்லை என்று நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மறுநாள் வேலையைத் தொடங்கும்முன் மேற்பார்வையாளரிடம் சண்டை பிடித்தேன். தமிழ் மாதம், பிறை, பண்டிகை எதைச் சொன்னாலும் மதிப்பெண் உண்டு என்று விதி மாறியது. பழைய படிவங்கள் அத்தனையையும் எடுத்துக்கொண்டு, அந்தந்த வீட்டுக்கு இரண்டாம் முறை நடந்தோம்.

உங்கள் அம்மா போன ஆண்டு செய்த வேலையை இந்த ஆண்டும் அதே சுத்தமாகச் செய்கிறாரா என்று மட்டும் பாருங்கள். வட்டிக் கணக்கு தப்பத் தொடங்கினால், அன்றைக்கு மறுபடி மருத்துவரிடம் போங்கள். அந்தச் சோதனைத் தாளையும் எடுத்துச் சென்று, அம்மா பள்ளிக்கூடம் போகாதவர் என்பதை முதலில் சொல்லுங்கள்.

என் மாமனார் ஓய்வுபெற்ற ஆசிரியர். வருகிறவர்களிடம் நன்றாகப் பேசுகிறார், மருத்துவரிடமும் அப்படியே. வீட்டில் குளித்ததை மறந்து மறுபடி குளிக்கப் போகிறார், நான் சோறு போடவில்லை என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார். என் கணவர் நான் மிகைப்படுத்துவதாக நினைக்கிறார். — வாசகி, மதுரை

உங்களை நான் நம்புகிறேன், அம்மா. ஒருகாலத்தில் நம்பாமல் போன ஆள் என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சோளிங்கர் பக்கம் ஓர் ஊரில் ஒரு தலைமை ஆசிரியர். என்னை நாற்காலி போட்டு உட்காரவைத்து, கேள்வி கேட்கக் கேட்கத் திருக்குறளில் பதில் சொன்னார். 30க்கு 28. நான் கிளம்பும்போது அவர் மனைவி படலை வரைக்கும் கூடவே வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, ‘ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து வேட்டி கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் திறக்கப் போகிறார். சாவி எங்கே, சாவி எங்கே என்று என்னை அடிக்க வருகிறார்’ என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? ‘வயதானால் தூக்கம் குறையும், அப்படித்தான் இருக்கும்’ என்றேன். எங்கள் ஆயாவைப் பற்றி எந்த வார்த்தையைக் கேட்டு எனக்கு வயிறு எரிந்ததோ, அதே வார்த்தை. படிவத்தில் ‘நோய் இல்லை’ என்று எழுதினேன்.

இரண்டு ஆண்டுகள் கழித்து அந்த வீட்டுக்கு மறுபடி போனேன். அதற்குள் அவர் காணாமல் போய், இரண்டு நாள் கழித்து வேற்றூர் பஸ் நிலையத்தில் கிடைத்திருந்தார். செருப்பில்லாத கால் முழுவதும் கொப்புளம். மனைவி என்னிடம் கோபப்படவில்லை. மோர் கொடுத்தார். அந்த மோரை என்னால் குடிக்க முடியவில்லை.

நிறையப் படித்தவர்களிடம், ஆயுள் முழுக்கப் பேசிப் பிழைத்தவர்களிடம், நோய் வெகுநாள் ஒளிந்திருக்கும். பழகிய சொற்கள் தானாக வந்து விழும். வந்தவர் முன்னால் அரைமணி நேரம் தன்னை இழுத்துப் பிடித்துக்கொள்ளவும் முடியும். அந்த அரைமணிக்குப் பின்னால் வருவதை வீட்டில் இருப்பவர்தான் பார்க்கிறார். கனடாவின் பழங்குடி மக்களான கிரீ இனத்தவர்களுக்காக ஹியூ ஹெண்ட்ரி குழுவினர் ஒரு சோதனை அமைத்தார்கள். நைஜீரியாவின் இபாதான் நகரத்திலும் அதைப் பயன்படுத்தினார்கள். அதில் பாதி, முதியவரிடம் கேட்கும் கேள்விகள். மறுபாதி முழுக்க உறவினரிடம் கேட்பது: பொருளை வைத்த இடம் மறக்கிறாரா, உடை மாற்றத் திணறுகிறாரா, முன்பு போல் இருக்கிறாரா? இரண்டையும் சேர்த்துத்தான் முடிவு. அது என் கைக்கு வந்த பிறகுதான் படலையில் நின்று பேசிய அந்த அம்மாளின் சொல்லுக்கு என் படிவத்தில் இடம் கிடைத்தது.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். தேதி, நேரம், நடந்தது. கருத்து எதுவும் எழுத வேண்டாம். ‘மாலை 5 மணி. இரண்டாவது முறை குளித்தார். காலையில் குளித்ததைச் சொன்னேன், கோபப்பட்டார்.’ இவ்வளவு போதும். ஒரு மாதம் எழுதி மருத்துவரிடம் கொடுங்கள். மாமனார் இல்லாமல் தனியாகப் பேச ஐந்து நிமிடம் கேளுங்கள். உங்கள் கணவரை மூன்று நாள் அப்பாவுடன் தனியாக இருக்கச் சொல்லிவிட்டு நீங்கள் பிறந்த வீட்டுக்குப் போய்வாருங்கள். சோறு போடவில்லை என்று அவர் சொல்வது உங்கள்மேல் உள்ள பகை அல்ல. சாப்பிட்டது அவருக்குள் பதியவே இல்லை.

நான்கு நாளில் அப்பா ஆளே மாறிவிட்டார். சுவரில் பூச்சி ஓடுகிறது என்கிறார், பகலில் தூங்கி இரவில் கத்துகிறார். இது அல்சைமரா? — வாசகர், நாகப்பட்டினம்

இந்தக் கடிதத்தைப் படித்தவுடன், இதழ் வரும்வரை காத்திருக்க வேண்டாம், உடனே தொலைபேசியில் பேசுங்கள் என்று ஆசிரியரிடம் சொன்னேன். பேசினார்கள். மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன். அல்சைமர் நான்கு நாளில் வராது. திடீரென்று வரும் குழப்பத்துக்குச் சிறுநீர்த் தொற்று, நுரையீரல் தொற்று, உடம்பில் உப்புச் சத்துக் குறைவது, புதிதாகத் தொடங்கிய மாத்திரை, விழுந்து அடிபட்டதில் மண்டைக்குள் கசியும் இரத்தம் என்று எதுவும் காரணமாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பல பேர் முழுக்கக் குணமாகிவிடுவார்கள். மெல்ல வரும் மறதியிலும் தைராய்டு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு இருக்கின்றனவா என்று பார்க்காமல் மறதிநோய் என்று முத்திரை குத்தக் கூடாது.

கூட்டுக் குடும்பம், வயல் வேலை, கேழ்வரகுக் களி என்று வாழும் கிராமத்து முதியவர்களுக்கு இந்த நோய் வருவதில்லை என்கிறார்களே? — வாசகர், ஈரோடு

நானும் அப்படி நம்ப ஆசைப்பட்டேன். ஒரு வீட்டில் நடந்த உரையாடலைச் சொல்கிறேன், நீங்களே பாருங்கள்.

‘பாட்டிக்குச் சமைப்பதில் சிரமம் உண்டா?’ என்று மருமகளைக் கேட்டேன். ‘நான் இருக்கும்போது அவர் ஏன் அடுப்பிடம் போக வேண்டும்?’ என்றாள். ‘கடைக்குப் போவாரா?’ ‘பேரன் போவான்.’ ‘பணம் எண்ணுவாரா?’ ‘அதெல்லாம் மகன் பார்த்துக்கொள்வார்.’ ‘வழி தவறியது உண்டா?’ ‘தனியாக விட்டால்தானே?’ ஒவ்வொன்றுக்கும் ‘சிரமம் இல்லை’ என்று குறித்தேன். உள்ளே போய்ப் பாட்டியைப் பார்த்தால், அவருக்குத் தன் மகனின் பெயர் தெரியவில்லை. மருமகள் பொய் சொல்லவில்லை. அத்தனையும் அன்பு. அந்த அன்புக்குள் நோய் பத்திரமாக ஒளிந்திருந்தது.

இது என் ஒருத்தியின் அனுபவம் என்று எண்ணிவிடாதீர்கள். 1998இல் கொச்சியில் கூடிய ஆய்வாளர்கள் ஒரு குழு தொடங்கினார்கள். அதன் பெயரே 10/66. அன்றைய கணக்கில், மறதிநோயாளிகளில் நூற்றுக்கு 66 பேர் ஏழை, நடுத்தர நாடுகளில் இருந்தார்கள். மக்களிடையே நடக்கும் ஆய்வுகளிலோ பத்து சதவீதத்துக்கும் குறைவுதான் அங்கே நடந்தது என்பதைப் பெயரிலேயே வைத்தார்கள். பல நாடுகளில் அவர்கள் நடத்திய ஆய்வில் சென்னை நகரமும் வேலூர்க் கிராமங்களும் இருந்தன. 2008இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது. அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டின் வரையறைப்படி பார்த்தால், இந்தியக் கிராமத்தில் 65 வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு வெறும் 0.3 பேர். கியூபாவில் 6.3. அந்தக் குழுவே நம்மைப் போன்ற இடங்களுக்காக அமைத்த வரையறைப்படி பார்த்தால், எல்லா ஊர்களும் 5.6க்கும் 11.7க்கும் நடுவில் வந்து நின்றன. இடைவெளி ஏன்? அன்றாட வாழ்க்கையில் இடையூறு உண்டு என்று வீட்டார் சொன்னால்தான் அமெரிக்க வரையறை நோய் என்று ஒப்புக்கொள்ளும். நம் வீட்டார் சொல்வதில்லை.

2023இல் வெளிவந்த நாடு தழுவிய கணக்கு, 60 வயதைக் கடந்த இந்தியர்களில் நூற்றுக்கு 7.4 பேர், ஏறத்தாழ 88 லட்சம் பேர் என்கிறது. நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். நான் 29 ஆண்டுகள் நடந்து பார்த்ததோடு இது பொருந்துகிறது.

பாட்டிகளிடமிருந்து எல்லா வேலையையும் பிடுங்கிவிடாதீர்கள் என்று போகிற இடமெல்லாம் கெஞ்சியிருக்கிறேன். கீரை ஆய, பூக்கட்ட, பால் கணக்குச் சொல்ல ஏதாவது ஒன்றை அவர் பொறுப்பிலேயே விடுங்கள். அறுபது ஆண்டுகள் மல்லிகை கட்டிய விரல் ஒருநாள் நாரைப் பிடித்துக்கொண்டு அடுத்து என்ன செய்வதென்று நின்றுவிடும். அதைப் பார்க்கவாவது அந்த வேலை அவர் கையில் இருக்க வேண்டாமா?

வல்லாரை, வால்நட், குறுக்கெழுத்து. எது நல்லது? — வாசகர், சேலம்

வல்லாரைத் துவையல் ருசியானது, சாப்பிடுங்கள். மறதிநோயைத் தடுக்கும் என்று எண்ணிச் சாப்பிட வேண்டாம். லான்செட் நிபுணர் குழு 2024இல் மாற்றக்கூடிய காரணங்கள் 14 என்று வகுத்து, அவற்றை முழுக்கச் சரிசெய்ய முடிந்தால் உலகில் 45 சதவீத நோயைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்றது. படிப்பின்மை, இரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, தனிமை எல்லாம் அதில் உண்டு. நான் அழுத்திச் சொல்ல விரும்புவது காது. காது கேட்காத முதியவரை நம் வீடுகளில் பேச்சுக்கே சேர்ப்பதில்லை. அவரும் கேட்டுக் கேட்டு அலுத்து ஒதுங்கிவிடுகிறார். கண்ணாடி வாங்கித் தருகிற பிள்ளைகள் காதுக் கருவி வாங்கித் தர ஏன் தயங்குகிறார்கள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், வேலையில் கன்னடம். பல மொழி பேசினால் நோய் வராது என்பது உண்மையா? — வாசகர், ஓசூர்

வராது என்று இல்லை. தள்ளிப்போகலாம். ஹைதராபாத்தில் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 நோயாளிகளைப் பார்த்து 2013இல் எழுதினார்கள்: ஒரே மொழி தெரிந்தவர்களைவிட, இரண்டும் அதற்கு மேலும் தெரிந்தவர்களுக்கு நோய் நாலரை ஆண்டுகள் பிந்தி வெளிப்பட்டிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அப்படியே. இதுதான் எனக்குப் பிடித்த பகுதி. படிப்பு, வசதி, வெளிநாடு போய்க் குடியேறியது என்று மேல்நாட்டு ஆய்வுகளில் கலந்து நின்றவற்றை ஹைதராபாத் தெருவில் பிரித்துப் பார்க்க முடிந்தது. எல்லா ஊர் ஆய்வுகளும் இதே முடிவைத் தரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் இருக்கும் மகன், அல்சைமருக்கு மருந்து வந்துவிட்டது என்கிறான். என் மனைவியை அழைத்துப் போகலாமா? — வாசகர், கோயம்புத்தூர்

ஐயா, லெக்கனமாப் என்ற மருந்தைச் சொல்கிறார் என்று நினைக்கிறேன். 2023 ஜூலையில் அங்கே முழு அனுமதி பெற்றது. தொடக்கத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரத்தக் குழாயில் ஏற்ற வேண்டும். மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதத்தை நீக்குகிறது. 18 மாத ஆய்வில் நோயின் ஓட்டத்தை 27 சதவீதம் மெதுவாக்கியது. இந்த 27ஐக் கேட்டு மயங்க வேண்டாம். நோயின் தீவிரத்தை அளக்கும் 18 புள்ளி அளவுகோலில், மருந்து எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் இடையே இருந்த வேறுபாடு 0.45 புள்ளி. போன நினைவு திரும்பவில்லை. சிலருக்கு மூளையில் வீக்கமும் இரத்தக் கசிவும் ஏற்பட்டதால், அடிக்கடி எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்க வேண்டும். நோயின் தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு மட்டுமே.

உங்கள் மனைவி தன்னைக் குளிப்பாட்டிவிட ஆள் வேண்டிய நிலையில் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த மருந்து அவருக்கானது அல்ல. வீட்டையும் தெரிந்த முகங்களையும் விட்டுப் பிரித்து, ஒரு நாள் முழுக்க விமானத்தில் உட்காரவைத்துக் கூட்டிப்போனால் குழப்பம் கூடும். அந்தப் பணத்தில் இரவுக்கு ஓர் உதவியாளரை வையுங்கள். நீங்கள் தூங்க வேண்டும், ஐயா. உங்கள் கடிதத்தில் உங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அல்சைமர் ஆய்விலேயே மோசடி நடந்ததாமே? — வாசகர், சென்னை

நடந்தது. அமிலாய்டின் ஒரு வகையைப் பற்றி 2006இல் நேச்சர் இதழில் வந்து ஆயிரக்கணக்கான முறை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை, அதிலிருந்த படங்கள் திருத்தப்பட்டிருந்ததால் 2024இல் திரும்பப் பெறப்பட்டது. ஒரு பாட்டியின் ‘அமாவாசை’ என்ற ஒற்றைச் சொல்லுக்காகப் பழைய படிவங்களைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்தவர்களின் முகத்தை நினைத்துப் பார்க்கிறேன். எனக்குக் கோபம் அடங்கவில்லை. அந்த ஒரு கட்டுரையோடு அமிலாய்டு ஆய்வு மொத்தமும் விழுந்துவிடாது. மூளையில் அந்தப் படிவுகளை அலாய்ஸ் அல்சைமர் 1906இலேயே விவரித்துவிட்டார். ஆனால் அந்தப் பதினெட்டு ஆண்டுகளில் வீணான உழைப்பை யார் திருப்பித் தருவார்கள்?

அம்மாவுக்கு ‘அறளை பெயர்ந்துவிட்டது’ என்று ஊரில் சொல்வார்கள். இங்கே முதியோர் இல்லத்தில் இருக்கிறார். முப்பது ஆண்டுகள் நன்றாகப் பேசிய ஆங்கிலம் போய்விட்டது, தமிழ் மட்டும் பேசுகிறார். தாதியருக்கு விளங்கவில்லை, பிடிவாதம் என்கிறார்கள். — வாசகி, டொரோண்டோ (யாழ்ப்பாணம்)

பிடிவாதம் இல்லை. பின்னால் கற்ற மொழி முன்னால் உதிர்வது இந்த நோயில் பலருக்கும் நடக்கிறது. ஒரு தாளில் இருபது சொற்களை எழுதி அம்மாவின் கட்டிலுக்கு மேலே ஒட்டுங்கள். தண்ணீர், நோகுது, குளிருது, பசிக்குது, கழிப்பறை. அம்மா சொல்கிறபடியே, ஆங்கில எழுத்தில். எதிரே பொருள். தாதியரை உட்காரவைத்து வாயால் சொல்லிப் பழக்குங்கள். நோவு இருக்கிறது என்று சொல்லத் தெரியாமல் கையை ஓங்கிய முதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு மயக்க மருந்து கொடுத்துப் படுக்கவைத்ததையும் பார்த்திருக்கிறேன். சிறுவயதுத் தேவாரமோ கோயில் மணியோசையோ கைப்பேசியில் இருந்தால் மாலையில் போட்டுவிடுங்கள்.

‘அறளை’ என்ற உங்கள் ஊர்ச் சொல்லை நோட்டில் எழுதிவைத்துக்கொண்டேன். தமிழகத்தில் நாங்கள் ‘ஞாபக மறதி’ என்று சொல்லி இந்த நோயைச் சிறிதாக்கிவிட்டோம். மனிதர் தம் இடத்தை விட்டுப் பெயர்ந்து போவதை உங்கள் சொல் சொல்கிறது.

இறந்த பிறகு மூளையைத் தானம் செய்ய முடியுமா? — வாசகர், கிருஷ்ணகிரி

முடியும். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனையில் 1995 முதல் மூளைத் திசு வங்கி இயங்குகிறது. உங்கள் சம்மதத்தைவிட உங்கள் பிள்ளைகளின் சம்மதம் முக்கியம். இறந்த சில மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும், அழுதுகொண்டிருக்கும் வீட்டில் முடிவெடுக்க நேரம் இராது. இப்போதே பேசிவையுங்கள்.

அமெரிக்காவில் டேவிட் ஸ்னோடன் நடத்திய ஆய்வில் 678 கன்னியாஸ்திரிகள் தம் மூளையைத் தர ஒப்புக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் 101 வயதில் இறக்கும்வரை தெளிவாக இருந்தார், சோதனைகளில் நல்ல மதிப்பெண் பெற்றார். திறந்து பார்த்தால் மூளை நிறைய அல்சைமர் படிவுகள். அவர் தந்திராவிட்டால் அப்படி ஒரு மனிதராக அவர் இருந்தார் என்றே நமக்குத் தெரிந்திருக்காது.

உங்களுக்கும் வயதாகிறது. உங்களை நீங்களே சோதித்துக்கொள்வீர்களா? — வாசகி, இராணிப்பேட்டை

ஊர்க்காரி கேட்கிறாய், ஒளிக்காமல் சொல்கிறேன். எனக்கு இப்போது 68. சோதனை எதுவும் என்னிடம் செல்லாது. எல்லாக் கேள்வியும் மனப்பாடம். பத்துச் சொல் பட்டியலைத் தூக்கத்தில்கூடச் சொல்வேன். தீப்பிடித்த வீட்டில் தனியாக இருந்த மூன்று குழந்தைகளைத் தீயணைப்பு வீரர் காப்பாற்றிய ஒரு குட்டிக் கதை உண்டு, கேட்டுவிட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஆயிரம் தடவையாவது சொல்லியிருப்பேன். அதைக் கேட்ட ஒரு பாட்டி, ‘குழந்தைகளைத் தனியாக விட்டுவிட்டு அந்தப் பெற்றவள் எங்கே போனாள்?’ என்று என்னைத் திட்டியது வரைக்கும் நினைவிருக்கிறது. என் மூளை பாதி கரைந்துபோனாலும் இந்தக் கேள்விகளுக்கு 30க்கு 28 வாங்கிவிடும். அந்தத் தலைமை ஆசிரியரைப் போல.

அதனால் 65ஆவது பிறந்தநாள் அன்று என் மருமகளைக் கூப்பிட்டு ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தேன். தேதி, நேரம், நடந்தது, கருத்து வேண்டாம். என்னிடம் கேட்க வேண்டாம், எனக்கு வருத்தமாக இருக்குமே என்று தயங்க வேண்டாம். மாதக் கடைசியில் காட்டினால் போதும். ‘இதெல்லாம் எதற்கு அத்தை’ என்று முதலில் அழுதாள். பிறகு எழுத ஒப்புக்கொண்டாள். மூன்று ஆண்டுகளில் பெரும்பாலான மாதங்கள் வெறும் பக்கம்தான்.

போன மாதம் ஒரு வரி இருந்தது. ‘9ஆம் தேதி, காலை 7. பால்காரருக்கு இரண்டாவது முறை பணம் கொடுத்தார்.’ எனக்கு அது நினைவில்லை. அப்படி இருக்காது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. அந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டு, தேதி எழுதி, நோட்டை அவளிடமே கொடுத்துவிட்டேன்.